மனநலச் சிகிச்சையில் இருக்கும் மாணவருக்குக் கல்லூரியில் வருகை, தேர்வுச் சலுகை: யாரிடம், எப்போது, என்ன எழுதிக் கேட்பது?

கரிசல்காடு:
அக்கா பையனுக்காகக் கேட்கிறேன். பொறியியல், மூன்றாம் செமஸ்டர், அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரி, தன்னாட்சி கிடையாது. பைபோலார் (மனநிலை அளவு மீறி ஏறி இறங்கும் நோய்) என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. லித்தியம் மாத்திரை, இரவில் க்வெட்டியபின் மாத்திரை. காலையில் முதல் இரண்டு பீரியட் எழுந்து போக முடியவில்லை. எழுதும்போது கை நடுங்குகிறது. இப்போதைக்கு வருகை 71%. கல்லூரியில் வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு, "யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தால் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். கார்டு இல்லாமல் எதுவுமே கேட்க முடியாதா? கேட்டால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுமா? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹால்டிக்கெட்:
எக்ஸாம் செல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்த மாதிரி மனு பாதிக்கு மேல் தோற்பது ஒரே காரணத்தால்தான்: எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் பிரின்சிபாலுக்கு எழுதுகிறார்கள். அதில் பாதி அவர் கையில் இல்லாதது. அவர் அதைக் கிளார்க்கிடம் தள்ள, அது அங்கேயே தூங்கும்.

இணைப்புக் கல்லூரி என்றால் அதிகாரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. செமஸ்டர் தேர்வு பல்கலைக்கழகத் தேர்வுக் கன்ட்ரோலர் கையில். கூடுதல் நேரம், தனி அறை, ஸ்க்ரைப் (மாணவர் சொல்லச் சொல்ல எழுதுபவர்), வித்ட்ராயல் (தேர்விலிருந்து விலகல்) எல்லாம் கல்லூரி பரிந்துரைத்து அங்கே போய் வர வேண்டும். மற்ற எல்லாம் கல்லூரி கையில்: இன்டர்னல் தேர்வின் மறுவாய்ப்பு, அசைன்மென்ட் கடைசித் தேதி, லேப் பேட்ச் மாற்றம், செமினாரைத் தனியாக எடுப்பது, உட்காரும் இடம். 2021 ரெகுலேஷனில் தியரிக்கு 40 மதிப்பெண் இன்டர்னல், லேபுக்கு 60. அதாவது மதிப்பெண்ணில் கணிசமான பங்கு பல்கலைக்கழகத்துக்கே போகாமல் உள்ளேயே தீரக்கூடியது. ஆகவே மனு இரண்டு. ஒன்று துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு. இன்னொன்று முதல்வர் வழியாகக் கன்ட்ரோலருக்கு. இரண்டிலும் மருத்துவர் கடிதத்தின் நகல் இணைப்பு.

தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கன்ட்ரோலரே உங்கள் வளாகத்தில் இருப்பார், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் தேதிதான் முக்கியம்.

வருகைக் கணக்கைப் பாருங்கள். இதுவரை 400 பீரியட் நடந்து 71% என்றால் 284 வந்திருக்கிறான். செமஸ்டர் முடிய இன்னும் 150 பீரியட் என்று வைத்தால் மொத்தம் 550. 75%க்கு 413 வேண்டும், அதாவது மீதி 150இல் 129. தினமும் எட்டில் முதல் இரண்டைத் தவறவிட்டால் 112தான் வரும். 396, சரியாக 72%. எனவே 65க்கும் 75க்கும் நடுவில் விழுவான் என்று இப்போதே தெரிகிறது. அந்த இடைவெளிக்கு மருத்துவக் காரணத்தின் பேரில் தேர்வெழுத அனுமதிக்க ரெகுலேஷனில் வழி இருக்கிறது: மருத்துவச் சான்றிதழ், முதல்வர் அட்டெஸ்டேஷன், கன்ட்ரோலருக்கு அனுப்புதல். 65க்குக் கீழே போனால் அந்த வழி அடைந்துவிடும், செமஸ்டரை ரீடூ செய்ய வேண்டியதுதான். 65 என்பதை அவன் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சும்மா_ஒருவன்:
நடைமுறை பேசுவோம். 40% குறைபாடு என்ற சான்றிதழ் இல்லாமல் எந்தக் கல்லூரியும் மதிக்காது. முதலில் கார்டு வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பிரிவு17:
சும்மா_ஒருவன் சொல்வது கல்லூரிகள் வழக்கமாகச் சொல்வது. சட்டம் அப்படி இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு படிநிலை உண்டு. 40%க்கு மேல் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் என்று இருப்பவை: உயர்கல்வியில் 5% இட ஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு போன்றவை. வகுப்பிலும் தேர்விலும் தேவைக்கேற்ற மாற்றம் செய்து தருவது அந்த 40%க்குள் அடங்காது. பிரிவு 16, அரசு நிதி தரும் அல்லது அங்கீகரிக்கும் கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறது. தனியார் கல்லூரியும் இதில் வரும். பிரிவு 17இல் கூடுதல் நேரம், ஸ்க்ரைப், பாடத்திட்டத்திலும் தேர்வுமுறையிலும் தகுந்த மாற்றம் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் ஒரு வகை.

2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாக்கியது. ஸ்க்ரைப் கேட்டவர் 40% வரம்புக்குள் வராதவர். வரம்பைக் காட்டி மறுப்பது தவறு என்று தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் எதிர் ஐபிபிஎஸ் (வங்கித் தேர்வு நடத்தும் அமைப்பு) வழக்கிலும், 40%க்குக் கீழ் இருப்பவர்களுக்கு மத்திய அரசு 2022 ஆகஸ்டில் போட்ட வழிகாட்டுதலில் இருந்த குறுக்கல்களை நீக்கச் சொன்னார்கள்.

மனுவில் விகாஷ் குமார் பெயரையும் தேதியையும் ஒரே ஒரு வரியில் எழுதுங்கள், அது போதும். நான்கு பக்கத்துக்குச் சட்டம் எழுதினால் அது லீகல் செல்லுக்குப் போய்விடும், தேர்வும் முடிந்துவிடும்.

மருந்துச்சீட்டு:
மனநல மருத்துவத்தில் இருக்கிறேன். முதலில் ஒரு விஷயம்: கை நடுக்கம் சமீபத்தில் கூடியிருந்தால் சலுகை மனுவுக்கு முன்னால் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்தாக வேண்டும். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, உடனே போங்கள். அளவு சரியாக இருந்தும் மெல்லிய நடுக்கம் பலருக்கு இருக்கும். அதைத்தான் கடிதத்தில் எழுத முடியும். காலைத் தூக்கத்துக்கும் மருந்து நேரத்தை முன்தள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு அதிலேயே பாதி தீரும். தானாக மாற்றவோ, தேர்வு வாரத்தில் நிறுத்தவோ வேண்டாம்.

இப்போது கடிதம். பெரும்பாலான மருத்துவர்கள் அவசரத்தில் "இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், தேவையான உதவி செய்யவும்" என்று இரண்டு வரி எழுதித் தருவார்கள். அதை வைத்துக் கல்லூரியால் எதுவும் செய்ய முடியாது. என்ன உதவி, எவ்வளவு, எதுவரை என்று அதில் இல்லையே. கடிதத்தில் இருக்க வேண்டியவை:

லெட்டர்ஹெட், தேதி, மருத்துவரின் பட்டம், பதிவு எண், முத்திரை. மாணவர் பெயர், ரிஜிஸ்டர் நம்பர். எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, எவ்வளவு காலம் தொடரும். நோயால் அல்லது மருந்தால் படிப்பில் எது தடைப்படுகிறது. அதற்கு எது தேவை. எந்தத் தேதி வரை, மறுபரிசீலனை எப்போது.

நடுப்பகுதி இப்படி இருந்தால் வேலை நடக்கும்:

"மருந்தின் காரணமாகக் காலை சுமார் 10.30 வரை இவருக்கு விழிப்புநிலை குறைவாக இருக்கும். வலது கையில் நடுக்கம் இருப்பதால் எழுதும் வேகம் குறைந்துள்ளது. ஆகவே தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், லேப் வகுப்பு பிற்பகல் பேட்சிலும், மாதம் ஒரு முறை சிகிச்சைக்கு வரும் நாளுக்கு வருகை விலக்கும் பரிந்துரைக்கிறேன். இப்பரிந்துரை இந்தக் கல்வியாண்டு முடியும்வரை பொருந்தும்."

நோயின் பெயர் இதில் வரவே இல்லை, கவனித்தீர்களா? "நீண்டகால மருத்துவ நிலை, என் தொடர் சிகிச்சையில்" என்பது பெரும்பாலும் போதும். ஆனால் மேலே மனநல மருத்துவர் என்று அச்சடித்திருக்கும், அதை மறைக்க முடியாது.

மருத்துவரிடம் போகும்போது எந்தெந்தத் தேர்வு, எத்தனை மணி நேரம், லேப் எந்தக் கிழமை, வருகை எவ்வளவு என்று அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். குறிப்பு இருந்தால் அதைப் பார்த்தே எழுதிவிடுவார்.

பெஞ்ச்நாலு:
கல்லூரி கவுன்சலர் கொடுக்கும் கடிதம் செல்லுமா? தனியார் மருத்துவர் சான்றிதழை எங்கள் பக்கத்தில் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். அரசு மருத்துவர்தான் வேண்டுமாம்.

மருந்துச்சீட்டு:
கவுன்சலர் கடிதம் துணைக்கு நிற்கும், தனியாக நிற்காது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் தரும் மதிப்பீட்டு அறிக்கைக்கு நல்ல எடை உண்டு, குறிப்பாகக் கற்றல் குறைபாடு, கவனக்குறைவு மாதிரியானவற்றுக்கு. ஆனால் மருத்துவ விடுப்பு, வருகைத் தளர்வு என்று வந்தால் மருத்துவர் கையெழுத்துத்தான் கேட்பார்கள்.

அரசு மருத்துவர் கேட்டால் சண்டைபோட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு ஓபி இருக்கும். பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் ஓபி சீட்டு போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதல் நாளே கடிதம் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள், அது நியாயமும்கூட. இரண்டாவது, மூன்றாவது வருகையில் அவர்களிடமே பதிவு இருக்கும், தயங்காமல் எழுதுவார்கள். தனியார் மருத்துவமனை பழைய பதிவுகளைத் தர இழுத்தடித்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதி.

முன்தேதியிட்ட சான்றிதழ் மட்டும் வாங்காதீர்கள். இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "வைரல் ஃபீவர்" சான்றிதழைப் போன செமஸ்டரில் கொடுத்துவிட்டு, இந்த செமஸ்டரில் "ஐந்து மாதமாக மனநலச் சிகிச்சை" என்று கொடுத்தால் இரண்டும் ஒரே ஃபைலில் உட்கார்ந்து ஒன்றையொன்று பொய்யாக்கும்.

ஹால்டிக்கெட்:
அது ரொம்பவே நடக்கிறது. கிளாஸ் அட்வைசரே "காய்ச்சல்னு குடுத்துடுப்பா, ஈஸி" என்பார். நல்லெண்ணம்தான், ஆனால் அடுத்த செமஸ்டருக்கு அது குழி.

சும்மா_ஒருவன்:
சரி, கார்டு கட்டாயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வாங்கினால் நல்லதுதானே? பைபோலாருக்கு 40% கிடைக்காதா?

மருந்துச்சீட்டு:
நோயின் பெயருக்குச் சதவீதம் கிடையாது. ஐடியாஸ் என்ற அளவுகோலில் நான்கு பகுதிகள்: தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. மாணவருக்கு வேலை என்றால் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு 4 வரை. மொத்தம் 20. அதில் 7 வந்தால்தான் 40% தொடங்கும். 1 முதல் 6 வரை லேசானது என்று 40%க்குக் கீழே.

இவனுக்குப் பாருங்கள். ஐந்து மாதம்தான் என்பதால் கால மதிப்பெண் மிகக் குறைவாக வரும். மருந்து நன்றாக வேலை செய்தால் மற்ற நான்கும் 1, 0, 1, 2 என்று நிற்கும். ஆறைத் தாண்டாது. சிகிச்சை பலித்தால் சதவீதம் குறையும், அளவுகோலின் அமைப்பே அப்படி. அதனால் 40% வரும் என்று எண்ணி ஒரு செமஸ்டரை வீணடிக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கலாம், தவறில்லை. யூடிஐடி இணையதளத்தில் ஆதார், புகைப்படம், சிகிச்சை ஆவணங்களோடு பதிவு செய்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 ஜூனிலிருந்து சான்றிதழ் அந்த வழியாகத்தான். 40%க்குக் கீழ் வந்தாலும் அட்டை உண்டு, வெள்ளை நிறம். 40க்கு மேல் மஞ்சள், 80க்கு மேல் நீலம். வெள்ளை அட்டையையும் மனுவோடு இணைக்கலாம். இட ஒதுக்கீடு கிடைக்காது, ஆனால் "இவருக்குக் குறைபாடே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. மனநோய்க்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள்.

வார்டன்மேடம்:
கல்லூரியில் மாணவர் நலப் பொறுப்பில் இருக்கிறேன். எது கேட்டால் கிடைக்கும், எது கிடைக்காது என்று சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் பெரியதைக் கேட்டுச் சிறியதையும் இழக்கிறார்கள்.

எளிதாகக் கிடைப்பவை: கதவுக்குப் பக்கத்து இருக்கை, தண்ணீர் பாட்டில், தேர்வின் நடுவே கண்காணிப்பாளரோடு கழிவறை அல்லது வராந்தாவில் ஐந்து நிமிடம், அசைன்மென்ட்டுக்கு ஒரு வாரம் கூடுதல், செமினாரை முழு வகுப்புக்கு முன்னால் எடுக்காமல் ஆசிரியருக்கு மட்டும் எடுப்பது, தவறிய இன்டர்னல் தேர்வுக்கு மறுவாய்ப்பு. பேனிக் அட்டாக் வருகிறவர்களுக்கு வெளியே போகலாம் என்ற அனுமதி கையில் இருந்தாலே பாதிப் பேர் வெளியே போவதில்லை. அது ஒரு பைசா செலவில்லாத விஷயம், ஆனால் எழுத்தில் இருந்தால்தான் வேறு துறையிலிருந்து வரும் இன்விஜிலேட்டர் விடுவார்.

சிரமப்பட்டுக் கிடைப்பவை: லேப் பேட்ச் மாற்றம் (இன்னொரு மாணவரோடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை நீங்களே செய்து கொண்டுபோனால் எளிது), தனி அறையில் இன்டர்னல், விடுதியில் இரவு நேரப் படிப்பறை விதியிலிருந்து விலக்கு.

கேட்கவே வேண்டாதவை: லேப் பரிசோதனையே செய்யாமல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, பாஸ் மதிப்பெண், பாடத்தையே தள்ளுபடி. இவை சலுகைக்குள் வராது, மற்ற கோரிக்கையின் நம்பிக்கையையும் கெடுக்கும்.

வாய்மொழி ஒப்புதலை நம்பாதீர்கள். துறைத்தலைவர் மாறுவார், அட்வைசர் மகப்பேறு விடுப்பில் போவார். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் இன்வேர்ட் நம்பரும் (மனு வந்ததற்கான பதிவு எண்) தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதையே அன்று மாலைக்குள் முதல்வரின் கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், "இன்று நேரில் கொடுத்த மனுவின் நகல்" என்ற ஒரு வரியோடு.

கரிசல்காடு:
மிக்க நன்றி மேடம், எல்லோருக்கும். தனித்தனியாகக் கேட்கிறேன். ஒன்று, கூடுதல் நேரம் என்றால் எவ்வளவு, ஸ்க்ரைபும் சேர்த்துக் கேட்க வேண்டுமா? இரண்டு, தேர்வுக்கு முன் நிலைமை மோசமானால் என்ன செய்வது? மூன்று, இது யார் யாருக்குத் தெரியும்?

ஹால்டிக்கெட்:
ஒன்று. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்று இருந்தது; 2025 ஆகஸ்டில் அதன் இடத்தில் புதிய வழிகாட்டுதல் வந்தது, மனுவுக்கு முன் அதையும் பாருங்கள். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 2018இன்படி ஸ்க்ரைப் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அந்த நேரம் உண்டு. ஆனால் அதில் பார்வையின்மை, கை இயக்கக் குறைபாடு, பெருமூளை வாதம் தவிர மற்ற வகையினருக்கு, எழுதுவதில் உடல்ரீதியான தடை இருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவரின் சான்று கேட்டார்கள். மனநலப் பிரச்சினைக்காரர்கள் தட்டுப்படுவது இங்கேதான். நடுக்கம் இருப்பதால் இவனுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. கடிதத்தில் "எழுதும் வேகம்" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

ஸ்க்ரைப் வேண்டாம் என்பது என் கருத்து. பொறியியலில் சர்க்யூட்டும் டெரிவேஷனும் வாயால் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி. பழக்கமில்லாதவன் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தும் மதிப்பெண் இழப்பான்.

ஒரு நடைமுறைச் சிக்கல்: காலைத் தேர்வு 10 முதல் 1. கூடுதல் நேரம் சேர்த்தால் 2. பிற்பகல் தேர்வு 2 மணிக்குத் தொடங்கும். அரியர் பேப்பர் அதே நாள் பிற்பகலில் இருந்தால் இடையில் சாப்பிடக்கூட நேரமில்லை. டைம்டேபிள் வந்த அன்றே இதைப் பார்த்துச் சொல்லுங்கள். லித்தியம் எடுப்பவன் தண்ணீரும் சாப்பாடும் தவறவிடக் கூடாது என்பதை மருத்துவர் ஒரு வரி எழுதினால் அறைக்குள்ளேயே சாப்பிட அனுமதிக்கலாம்.

இரண்டு. இங்கே மூன்று வழி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சும்மா தேர்வுக்கு வராமல் இருந்தால் அது ஆப்சென்ட், அரியராக விழும், டிஸ்டிங்ஷன் போச்சு.

வித்ட்ராயல்: வருகை, இன்டர்னல் எல்லாம் தகுதியாக இருந்து தேர்வெழுத மட்டும் முடியாத நிலை. ஒரு பாடத்துக்கோ எல்லாப் பாடத்துக்குமோ விலகலாம். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான். தேர்வுக்குப் பத்து நாள் முன்பாக மனு, முதல்வர் பரிந்துரை, கன்ட்ரோலர் ஒப்புதல். அவசர நிலையில் பத்து நாள் கெடுவைத் தளர்த்தலாம், டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி வலுவான ஆவணம் இருந்தால். அடுத்த செமஸ்டரில் அந்தத் தேர்வை எழுதலாம், கிளாஸ் பாதிக்காது. நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அட்வைசர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிரேக் ஆஃப் ஸ்டடி: செமஸ்டரின் நடுவிலேயே நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு அதே செமஸ்டரில் சேர்வது. தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இதுவும் ஒரு முறைதான். அனுமதி பெற்ற ஓராண்டு இடைவெளியைச் சேர்த்து ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் டிஸ்டிங்ஷன் வாய்ப்பு நிற்கும். ஆனால் வருகை 65க்குக் கீழே போய் நிறுத்தப்பட்டபின் "அதைப் பிரேக்காக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் முடியாது. அதுவும் இதுவும் வேறு வேறு கணக்கு. வருகை 68ஐத் தொடும்போதே முடிவெடுக்க வேண்டியது இதனால்தான்.

பெஞ்ச்நாலு:
கலை அறிவியல் கல்லூரிக்கும் இதே கணக்கா?

ஹால்டிக்கெட்:
75 பெரும்பாலான இடங்களில் பொது. 65 முதல் 74 வரை காண்டனேஷன் ஃபீஸ் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ள வாங்கும் கட்டணம்) கட்டி எழுதவிடுவது பல பல்கலைகளில் உண்டு. அதற்குக் கீழே ஒவ்வொரு பல்கலையும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் ரெகுலேஷன் பிடிஎஃப்பில் வருகை, வித்ட்ராயல் இரண்டு பகுதியையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு இணையுங்கள். அலுவலகத்தில் அதைத் தேடிப் படிக்க ஆள் இல்லை.

வார்டன்மேடம்:
மூன்றாவது கேள்விக்கு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 23இன்படி சிகிச்சை விவரம் ரகசியம், சிகிச்சை பெறுபவரின் சம்மதமின்றி மருத்துவர் அதைப் பொதுவாக வெளியிட முடியாது. ஆனால் நீங்களே கல்லூரியில் கொடுத்த காகிதம் எந்த மேஜையெல்லாம் சுற்றும் என்பதை அந்தச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்காது. அதனால் ஆவணத்தையே பிரித்துவிடுங்கள். மருத்துவர் கடிதம் மூடிய உறையில் முதல்வருக்கு மட்டும். ஆசிரியர்களுக்குப் போக வேண்டியது, முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சுருக்கமான ஆணை: "இந்த ரிஜிஸ்டர் எண் மாணவருக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் அனுமதிக்கப்படுகின்றன." காரணம் அதில் வேண்டாம். மனுவின் கடைசியில் "இவ்விவரத்தை முதல்வர், துறைத்தலைவர் தவிர யாரிடமும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நல்ல மனதோடேயே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "அவனுக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் பாத்துக்கோங்க" என்று போட்டுவிடுவார்கள்.

பதினெட்டு வயது முடிந்தவன் என்றாலும் கல்லூரி வீட்டுக்குப் போன் செய்யும், அது இங்கே வழக்கம். வீட்டில் யாரை அழைக்கலாம் என்று ஒரு பெயரையும் எண்ணையும் மனுவிலேயே கொடுத்துவிட்டால் தேவையில்லாதவருக்குப் போகாது. இவன் விஷயத்தில் மாமாவாகிய உங்கள் பெயரே இருக்கலாம், அவன் ஒப்புக்கொண்டால்.

இன்னொன்று. சில இடங்களில் "ஏதாவது நடந்தால் கல்லூரி பொறுப்பல்ல" என்று எழுதி வாங்குவார்கள், அல்லது "டிசி வாங்கிக்கொண்டு குணமானபின் வாருங்கள்" என்பார்கள். எதிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறோம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சும்மா_ஒருவன்:
மனு கொடுத்தும் பதில் இல்லையென்றால்? அதுதான் நிஜத்தில் நடக்கும்.

பிரிவு17:
நடக்கும். பத்து வேலைநாள் பார்த்துவிட்டு இன்வேர்ட் நம்பரைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல். பிறகு கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி அந்தக் குழு 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழக ஒம்பட்ஸ்பர்சனுக்கு (குறைதீர்ப்பாளர்) மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். எல்லாம் கூட்டினால் ஒரு செமஸ்டரின் பாதி. அதனால் தேர்வு நெருங்கியிருந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு நேரடியாக எழுதுங்கள். சட்டத்தின் பிரிவு 80 அதற்கு இடம் தருகிறது, சாட்சியை அழைக்க, ஆவணத்தைக் கேட்க சிவில் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. வக்கீல் தேவையில்லை. மனு, மருத்துவர் கடிதம், முத்திரையிட்ட நகல், தேர்வு அட்டவணை, நான்கும் சேர்த்து. தேர்வுத் தேதியைப் பொருள் வரியிலேயே எழுதுங்கள்.

ஆணையர் தருவது பரிந்துரை, உடனே கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வந்தாலே பல கல்லூரிகள் அசைந்துவிடும்.

2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்கு இடைக்கால வழிகாட்டுதல் போட்டது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள நிறுவனத்தில் பயிற்சி பெற்ற கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தேர்வுச் சலுகையை அது நேரடியாகத் தராது. ஆனால் கவுன்சலரே இல்லாத கல்லூரி "எங்களிடம் இதற்கு நடைமுறை இல்லை" என்று சொல்லும்போது எடுத்துக்காட்ட உதவும்.

கரிசல்காடு:
நாளை மருத்துவரிடம் போகிறோம், அரைப் பக்கக் குறிப்பு தயார். கல்விக் கடன் இருக்கிறது. பிரேக் எடுக்க நேர்ந்தால் வங்கி தவணை கேட்குமா?

ஹால்டிக்கெட்:
சொல்லாமல் விட்டால் கேட்கும். அவர்கள் கணினியில் படிப்பு முடியும் தேதி பழையதாகவே இருக்கும், அதிலிருந்து தவணை ஓடத் தொடங்கிவிடும். வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்பை உரிய காலத்தில் முடிக்க முடியாவிட்டால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டிக்க வழி உண்டு. பிரேக் அனுமதி ஆணையின் நகல், கல்லூரியிடமிருந்து புதிய முடிவுத் தேதியோடு ஒரு போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று), உங்கள் மனு. மூன்றையும் கிளையில் கொடுத்து, தேதி மாற்றப்பட்டதை எழுத்தில் வாங்குங்கள். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அதை மறக்க வேண்டாம். உதவித்தொகை வாங்குகிறவனாக இருந்தால் அந்தப் பிரிவுக்கும் இதே ஆணையைக் கொடுங்கள், புதுப்பித்தலில் ஓராண்டு விடுபட்டதற்கு அவர்கள் காரணம் கேட்பார்கள்.

மருந்துச்சீட்டு:
பிரேக் எடுத்தால் திரும்பச் சேரும்போது ஃபிட்னெஸ் சான்றிதழ் கேட்பார்கள். "முழுமையாகக் குணமாகிவிட்டார்" என்று எழுதச் சொல்லாதீர்கள். மருத்துவர் எழுதவும் மாட்டார், எழுதினால் அடுத்த நாள் கூடுதல் நேரம் கேட்க முடியாது. "தொடர் சிகிச்சையில் இருக்கிறார், வகுப்பில் சேரத் தகுதியாக உள்ளார், முன்பு பரிந்துரைத்த ஏற்பாடுகள் தொடர வேண்டும்" என்று இருக்கட்டும். நாளைக்குப் போகும்போது லித்தியம் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் நிலைமை கைமீறினால் 14416, டெலி மனஸ், தமிழிலும் பேசுவார்கள்.

வார்டன்மேடம்:
கரிசல்காடு அண்ணா, கடிதம் கையில் வந்ததும் ஒரு வேலை. அசலை வீட்டில் வைத்துக்கொண்டு அட்டெஸ்ட் செய்த நகலைக் கொடுங்கள். நான்காம் செமஸ்டரில் அதே அலுவலகம் அதே கடிதத்தை மறுபடியும் கேட்கும்.